அத்திப்பள்ளியைத் தாண்டினால் நாமும் சிறுபான்மைதான்!

வீட்டில் கல்யாணம் வருகிறது. பட்டு எடுக்க வேண்டும். பாத்திரம் வாங்க வேண்டும். "எங்கே போகலாம்?" என்று பேச்சு எழுகிறது. தருமபுரிப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் உடனே வரும் பதில், "பெங்களூர் போகலாம்!" என்பதுதான்.

சென்னை தூரம், பெங்களூர் பக்கம். காலையில் பஸ் ஏறினால், மத்தியானத்துக்குள் கடைத்தெருவில் நிற்கலாம். இரவு வீடு திரும்பிவிடலாம்.

தாராளமாகப் போகலாம். ஆனால் போகிற வழியில் ஒன்றை யோசித்துப் பார்த்திருக்கிறோமா?

ஓசூர் தாண்டியதும் அத்திப்பள்ளி வருகிறது. அங்கே கர்நாடகம் தொடங்குகிறது. பஸ்ஸில் இருக்கும் நாம் மாறவில்லை. நம் பேச்சு மாறவில்லை. கையில் இருக்கும் தூக்குச்சட்டி கூட மாறவில்லை. ஆனால் கணக்கு மாறிவிட்டது! இந்தப் பக்கம் நாம் பெரும்பான்மை. அந்தப் பக்கம் நாம் சிறுபான்மை.

சிறுபான்மை என்றதும் மதத்தை மட்டுமே நினைக்கிறோம். மொழியாலும் சிறுபான்மை உண்டு. நம் அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு, மதச் சிறுபான்மை, மொழிச் சிறுபான்மை இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறது.

1991 டிசம்பர்

"தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும்" என்பார்கள். அந்த வலி நமக்கு ஒரு முறை வந்தது.

ஒகேனக்கல்லில் கொட்டுகிறதே காவிரி, அந்தத் தண்ணீரைப் பற்றிய தகராறு அது. நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு 1991 டிசம்பர் 11-ந் தேதி மத்திய அரசிதழில் வெளிவந்தது. மறுநாள் முதல் பெங்களூரில் கலவரம். தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உடுத்திய துணியோடு எல்லை தாண்டி ஓடிவந்தன. எல்லையில் இருக்கும் ஓசூர் அன்று தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அது கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு போனது 2004-ல். ஆகவே இது நமக்கு அயலூர்க் கதை அல்ல.

பழியை ஒரு பக்கம் மட்டும் போடுவது நியாயம் ஆகாது. 2016 செப்டம்பரில் மறுபடியும் காவிரித் தகராறு வந்தது. பெங்களூரில் தமிழ்நாட்டுப் பஸ்கள் எரிந்தன. அதே நாளில் சென்னையில், கர்நாடகத்தைச் சேர்ந்தவரின் ஹோட்டல் ஒன்று தாக்கப்பட்டது.

கவனியுங்கள்! தகராறு தண்ணீரைப் பற்றியது. உடைந்தது கடையின் கண்ணாடி. தண்ணீருக்கும் அந்தக் கடைக்காரருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. அவர் அந்த ஊரில் எண்ணிக்கையில் குறைந்தவர். அது ஒன்றே அவர் செய்த குற்றம்.

சிறு வியாபாரிக்குக் கடை என்பது வெறும் நான்கு சுவர் அல்ல. நிலம் இல்லாதவருக்கு அதுதான் நிலம். மகனின் பள்ளிக்கூடச் சம்பளம் அதில் இருக்கிறது. மகளின் கல்யாணம் அதில் இருக்கிறது. விடியற்காலையில் கடன் வாங்கிச் சரக்கு எடுத்து, பொழுது சாய்ந்ததும் வட்டியோடு திருப்பிக் கொடுப்பவர்கள் எத்தனையோ பேர். அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் வியாபாரம் படுத்தால், அன்று இரவே அடுப்பில் தெரியும்.

சேட் திறந்த சந்தை

பெங்களூர் சிவாஜி நகரில் ரஸ்ஸல் மார்க்கெட் இருக்கிறது. 1927-ல் கட்டப்பட்டது. 1933-ல் அதைத் திறந்து வைத்தவர் இஸ்மாயில் சேட் என்ற முஸ்லிம் வியாபாரி. பெண்களுக்காக அவர் பணம் கொடுத்து எழும்பிய ஆஸ்பத்திரி, இன்றும் அதே வட்டாரத்தில் அவர் பெயரோடு நிற்கிறது. கடையில் சம்பாதித்த காசு, ஊருக்கே ஆஸ்பத்திரியாகத் திரும்பி வந்தது!

மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே புனித மரியன்னை தேவாலயம். செப்டம்பர் 8-ந் தேதி திருவிழாவுக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் திரளாக வருகிறார்கள். மார்க்கெட்டுக்குள்ளே பழம், பூ, காய்கறி, இறைச்சி விற்பவர்களில் முஸ்லிம்கள் பலர், தமிழர்களும் உண்டு. 2012 பிப்ரவரியில் அங்கே தீப்பிடித்துப் பல கடைகள் சாம்பலாயின. அதன் பிறகும் வியாபாரிகள் கடை விரித்தார்கள். ஏன்? வாங்குகிறவர்கள் வந்தார்கள்!

வாங்குகிறவர்கள் வராவிட்டால்? 2022-ல் கர்நாடகத்தில் சில கோயில் திருவிழாக்களில், முஸ்லிம்கள் கடை போடக் கூடாது என்று தடுத்தார்கள். திருவிழாக் கூட்டத்தை நம்பி வளையலும் பொம்மையும் வாங்கி வைத்தவர்கள், மூட்டையைப் பிரிக்காமலே வீடு திரும்ப வேண்டி வந்தது. இதற்குத் தீ வைக்க வேண்டியதில்லை. "அவன் கடையில் வாங்காதே" என்ற ஒரு வார்த்தை போதும்.

அந்த வார்த்தைக்கு வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை. கூடையை எடுத்துக்கொண்டு போய் வாங்கினால் போதும்!

தர்மம் அல்ல, வியாபாரம்

"யார் கடையாக இருந்தால் என்ன? எங்கே மலிவோ அங்கே வாங்குவேன்" என்று சிலர் சொல்லலாம். அதுவும் நியாயமே. சொத்தை மாம்பழத்தை இரக்கப்பட்டு வாங்கச் சொல்லவில்லை. மாம்பழத்தின் தரம் தருமபுரிக்காரருக்கா தெரியாது! பெரிய கடைக்குப் போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. பட்டுப்புடவையை உங்களுக்குப் பிடித்த கடையிலேயே எடுங்கள்.

ஆனால் ஆயிரம் ரூபாய் செலவு செய்தால், அதில் நூறு ரூபாயாவது பழைய சந்தைக்கும் சின்னக் கடைக்கும் போகட்டும். பூவும் பழமும் அங்கே வாங்கலாம். வளையல் அங்கே வாங்கலாம். குழந்தைக்குப் பேரீச்சம்பழம் வாங்கலாம். பெரிய கடைக்கு நம் நூறு ரூபாய் கடலில் கரைத்த பெருங்காயம். சின்னக் கடைக்கோ அது அரை நாள் வியாபாரம்.

கடைக்காரரின் பெயரைக் கேட்க வேண்டாம். சாமியைக் கேட்க வேண்டாம். சரக்கைப் பாருங்கள், விலையைக் கேளுங்கள். பேரம் பேசலாம், பேச்சில் மரியாதை இருக்கட்டும். தெரிந்த நாலு கன்னட வார்த்தையைப் பேசிப் பாருங்கள். அவரும் தெரிந்த தமிழில் பதில் சொல்வார். சரக்கு நன்றாக இருந்தால், ஊருக்கு வந்து பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய விளம்பரம் அவருக்குக் கிடையாது.

இன்னொன்று. கூடவே குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். நாம் யாரிடம் எப்படிப் பேசி வாங்குகிறோம் என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் வராத பாடம் அது.

நம் ஊரில்?

பெங்களூரில் நடப்பதைப் பேசினோம். நம் வாசலுக்கும் வருவோம். வேறு மொழி பேசுகிறவர், வேறு சாமி கும்பிடுகிறவர் நம் கடைத்தெருவிலும் கடை வைத்திருக்கிறார். இங்கே நாம் பெரும்பான்மை. அவரை எப்படி நடத்துகிறோம்?

நம் மாவட்டத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அங்கேயே தங்கி, காய்கறி வண்டி தள்ளுகிற நம் அண்ணன் தம்பிகளும் உண்டு. அவர்களிடம் அந்த ஊர்க்காரர் வந்து வாங்க வேண்டும் என்றுதானே நாம் ஆசைப்படுகிறோம்? அதே ஆசை, இங்கே கடை வைத்திருப்பவரின் தாய்க்கும் இருக்கும் அல்லவா?

அடுத்த முறை பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டும்போது இதை ஒரு நிமிஷம் நினையுங்கள். பிறகு கடைத்தெருவில் இறங்குங்கள். எந்தக் கடைக்குப் போவது என்று உங்களுக்கே தெரியும்.