ஆழமாகத் துளைத்தால் சுத்தம் வருமா?

போர் தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். ராணிப்பேட்டையானாலும் திண்டுக்கல்லானாலும் ஒரே பதில்தான் வரும்: "மேல் தண்ணிதான் கெட்டிருக்கும். இன்னும் கீழ இறக்குங்க. எண்ணூறு அடிக்குப் போனா பாறைத் தண்ணி, சுத்தமா இருக்கும்." கட்டடம் கட்டித் தருபவர் இதைச் சொல்கிறார், கவுன்சிலர் சொல்கிறார், படித்த பொறியாளரும் சொல்கிறார். கூடவே இன்னொரு ஆறுதலும் உண்டு: "கம்பெனியத்தான் மூடிட்டாங்களே, நாலு நல்ல மழை பெஞ்சா எல்லாம் அலசிட்டுப் போயிடும்." இரண்டுமே தவறு. அறியாமை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் முதல் நம்பிக்கை மாசை நாமே கீழே இறக்கிவிட வழி செய்கிறது. இரண்டாவது, மாசு செய்தவரைக் கணக்கு தீர்க்காமல் கிளம்ப விடுகிறது.

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப்பாறை. பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட். மேலே கொஞ்சம் மண், அதன் கீழே சிதைந்து உதிரும் பாறை, அதற்கும் கீழே கெட்டிக் கருங்கல். அந்தக் கருங்கல்லில் தண்ணீர் இருப்பது வெடிப்புகளில் மட்டும்தான். ஆற்று மணலில் நீர் மெதுவாக இறங்கும். வழியில் கிருமிகளும் கசடும் ஓரளவு தங்கிவிடும். "பூமி வடிகட்டும்" என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. பாறை வெடிப்பு அந்த வேலையைச் செய்யாது. மேலே விழுந்தது வெடிப்பு போகிற திசையில் அப்படியே ஓடும். கரைந்த உப்பையும் குரோமியத்தையும் பொறுத்தவரை மணலை நம்பியும் பயனில்லை. கரைந்ததை எந்தச் சல்லடை பிடிக்கும்?

ஆழத்து நீர் இயல்பிலேயே சுத்தம் என்பதையும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போய்ச் சொல்ல முடியாது. அங்கே எந்த ஆலையும் கலக்காமல் பாறையே ஃபுளோரைடைக் கொடுக்கிறது. குழந்தைகளின் பல்லில் கறை, பெரியவர்களுக்கு எலும்பில் வளைவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' இருப்பது அதனால்தான்.

போர் போடும் இடத்தில் ஒருமுறை நின்று பார்த்தால் முதல் நம்பிக்கையின் ஆபத்து புரியும். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நிற்கிறது. முதலில் பெரிய துளை. பாறை தட்டியதும் கேசிங் பைப்பை இறக்குகிறார்கள். கேசிங்குக்கு அடிக்கு இவ்வளவு என்று தனி ரேட் என்பதால் வீட்டுக்காரரும் "போதும்ணே, பாறை வந்துடுச்சில்ல" என்று அவசரப்படுத்துவார். பைப்புக்கும் துளையின் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை சிமெண்ட் கலவையால் அடைக்கும் வழக்கம் நம்மிடம் அரிது. அதற்குக் கீழே எண்ணூறு, ஆயிரம் அடிக்கு வெறும் திறந்த துளை. அறுபதாவது அடி வெடிப்பையும் நானூறாவது அடி வெடிப்பையும் எழுநூறாவது அடி வெடிப்பையும் இயற்கை இணைக்காமல் விட்டிருந்தால், இந்த ஒரே துளை இணைத்துவிடுகிறது. கீழே மோட்டார் இழுக்க இழுக்க மேலிருக்கும் கெட்ட நீர் பைப்புக்கு வெளியே கசிந்து இறங்கும். சுத்தமான நீரைத் தேடிப் போட்ட போர், சில ஆண்டுகளில் அந்த நீரையும் கெடுத்துவிட்டு நிற்கும். தண்ணீர் வராமல் கைவிட்ட போர்களும் அப்படித்தான். வாய்க்கு ஒரு கல்லை வைத்து மூடிவிட்டால் குழந்தை விழாது; மாசு இறங்குவது நிற்காது.

இனி மழைக்கு வருவோம். ராணிப்பேட்டை சிப்காட்டில் 'தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்' ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்புகளைத் தயாரித்த ஆலை அது. விட்டுச் சென்ற கழிவு லட்சம் டன்னுக்கும் மேல், திறந்த வெளியில், மேடாக. அதிலிருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். புற்றுநோயைத் தரக்கூடியது, நீரில் எளிதில் கரைவது, நீரோடு சேர்ந்து தூரம் போவது. மழை வந்தால் அங்கே அலசல் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அலசப்படுவது கழிவு மேடு. போய்ச் சேர்வது நிலத்தடி. மழைக்குப் பின் அப்பகுதியில் மஞ்சளாகத் தேங்கி நிற்கும் நீரைப் பற்றி எத்தனையோ முறை செய்தி வந்துவிட்டது. ஆலை மூடிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் அந்த மஞ்சள் வந்துகொண்டிருந்தது. "நாலு மழை" என்பவர்கள் எத்தனை பருவமழை வேண்டும் என்று கணக்குச் சொல்லட்டும்.

மூலத்தை அகற்றினால்கூட உடனே சரியாகிவிடாது. அமெரிக்காவின் நியூஜெர்சியில், மேற்கு ட்ரென்டனில், கடற்படையின் ஜெட் எஞ்சின் சோதனைத் தளம் ஒன்று இருந்தது. அங்கே கொட்டிய ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் அடியிலுள்ள சேற்றுப்பாறை வெடிப்புகளுக்குள் இறங்கியது. 1990களிலிருந்து நீரை இறைத்துச் சுத்தம் செய்தும் தீரவில்லை. காரணத்தைப் புவியியல் ஆய்வுத் துறையினர் பாறையையே துளைத்தெடுத்துக் கண்டார்கள்: வெடிப்பில் ஓடிய நஞ்சு பல ஆண்டுகளாகப் பாறையின் உடம்புக்குள் ஊறியிருக்கிறது. வெடிப்பில் ஓடும் நீரைச் சுத்தமாக்கினால், ஊறியது மெல்லத் திரும்பி வெளியே வருகிறது. 1994இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம், இறைத்துச் சுத்தம் செய்யும் முறை நடந்துகொண்டிருந்த 77 இடங்களை ஆராய்ந்தது. 69 இடங்களில் இலக்கு அதுவரை எட்டப்படவில்லை. சுத்தம் செய்ய மிகக் கடினமான வகை வெடிப்புப் பாறை என்றும் அது சொன்னது.

நம் சார்னோக்கைட் அந்தச் சேற்றுப்பாறை அளவுக்கு ஊறாது. அந்த வகையில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். ஆனால் சிதைந்த மேல்பாறை நன்றாகவே ஊறும். வெடிப்பு ஓரங்களும், நீரோட்டமின்றி முட்டி நிற்கும் வெடிப்புகளும் மாசைப் பதுக்கும்.

அப்படியானால் கைவிட்டுவிடலாமா? கூடாது. கழிவு மேட்டை அகற்றலாம், அல்லது நீர் புகாமல் மூடலாம். இரும்பு உப்புகளைச் செலுத்தி ஆறு இணைதிறன் குரோமியத்தை, எளிதில் நகராத மூன்று இணைதிறனாக மாற்றலாம். கைவிட்ட போர்களை அடிமுதல் சிமெண்ட் கலவையால் நிரப்பலாம். ஆனால் எந்த மருந்தையும் எந்த வெடிப்பில் செலுத்துவது? மணல் நிலத்தில் பத்துக் கிணற்றைப் பார்த்து நடுவிலிருப்பதை ஊகிக்கலாம். பாறையில் முப்பதடி தள்ளியிருக்கும் போர் நன்றாக இருக்கும். அரை கிலோமீட்டர் தள்ளியது கெட்டிருக்கும். ஆகவே "எங்க போர்ல ஒண்ணுமில்லையே" என்பது இங்கே எதற்கும் சாட்சியாகாது. ஒருவரிடம் உள்ள தகவல் தனியாக எதையும் சொல்லாது. எல்லாருடையதும் ஒரே வரைபடத்தில் ஏறினால்தான் வெடிப்பின் போக்கு தெரியும்.

அந்தத் தகவல் இல்லாமலா இருக்கிறது? எத்தனையாவது அடியில் தண்ணீர் தட்டியது, எத்தனை இஞ்ச் வந்தது என்பது ரிக் ஓட்டுபவருக்குத் தெரியும். கேசிங் எத்தனை அடி என்பது பில்லிலேயே இருக்கும். பரிசோதனை அறிக்கை வீட்டுக்காரரின் பீரோவில். ஆலையின் ஆய்வுக் கிணற்று அளவுகள் ஆலையிலும் அலுவலகக் கோப்பிலும். கேட்டால் பாதி நேரம் வரும் பதில்: "வெளிய சொன்னா ஜனங்க பயப்படுவாங்க." இதுதான் எல்லாவற்றிலும் மோசமான சாக்கு. தோல் ஆலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த வேலூர் தீர்ப்பைப் புரட்டிப் பாருங்கள். திண்டுக்கல் பக்கம் 13 ஊர்களில் 467 கிணறுகளைச் சோதித்து, 350 கெட்டுவிட்டதைக் கண்ட தன்னார்வ அமைப்பின் கணக்கெடுப்பு அதில் இடம்பெற்றிருக்கிறது. வட ஆற்காட்டில் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கும் இருக்கிறது. இழப்பீட்டு வாதம் நின்றது இப்படிப்பட்ட எண்களின் மேல்தான். யாரும் பயந்து ஊரைவிட்டு ஓடவில்லை.

மனையின் விலை விழுந்துவிடும், பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற அச்சம் பொய்யல்ல. அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவர்கள் கேன் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். தெரியாதவர், போன மாதம் அங்கே மனை வாங்கி, எண்ணூறு அடிக்கு ரிக் வண்டி பேசியிருப்பவர். தன் போரின் ஆழம், கேசிங் அளவு, தண்ணீர் தட்டிய அடி, கடைசியாகச் சோதித்த உப்பு அளவு என்று நாலு எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிப் போட அக்கம்பக்கத்தார் தயாராக இருந்தால், அந்த மனிதர் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொள்வார். கீழே இன்னும் கெடாமல் மிச்சமிருக்கும் வெடிப்பும் தப்பும்.