தானியம் மலிந்தால் லாபம் யாருக்கு?

விளைச்சல் பெருகித் தானியம் மலிந்தால் எல்லோருக்கும் நன்மை என்பது பொதுவான எண்ணம். அந்த நன்மை யார் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது என்பதை உழவர் பெருமக்கள் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். காரல் மார்க்ஸ் 1867-ல் வெளியிட்ட 'மூலதனம்' முதல் பாகம் இதற்கு ஒரு கணக்கைத் தருகிறது.

ஓர் ஆலைத் தொழிலாளி நாளொன்றுக்கு 12 மணி நேரம் உழைப்பதாகக் கொள்க. அவருடைய கூலிக்கு ஈடான மதிப்பு முதல் 6 மணியிலேயே உண்டாகிவிடுகிறது. மீதி 6 மணி உழைப்பின் பலன் முதலாளியைச் சேருகிறது. அதுவே உபரி மதிப்பு.

இதைப் பெருக்க இரண்டு வழிகள் உண்டு. வேலை நேரத்தை 14 மணியாக நீட்டினால் உபரி 8 மணியாகும். இது அறுதி உபரி மதிப்பு. நேரத்தை நீட்டாமல், தொழிலாளியின் உணவும் துணியும் மலிந்து, கூலிக்கு ஈடான உழைப்பு 4 மணியாகச் சுருங்கினாலும் உபரி அதே 8 மணிதான். இது ஒப்பீட்டு உபரி மதிப்பு.

இங்கிலாந்தின் வரலாறு இதற்குச் சான்று. அங்கு வெளிநாட்டுக் கோதுமையைத் தடுத்துவந்த தானியச் சட்டங்கள் 1846-ல் நீக்கப்பட்டன. அவற்றால் பெரும்பயன் அடைந்தவர்கள் நிலப்பிரபுக்களே. ஆனால் நீக்கக் கோரி முன்நின்ற ஜான் பிரைட் ஒரு பஞ்சாலை முதலாளி. மலிவு ரொட்டிக்காக வாதாடிய அவரே, பெண்களுக்கும் இளையோருக்கும் ஆலை வேலையை நாளுக்கு 10 மணியாக வரையறுத்த 1847-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தார். ரொட்டி விலை இறங்கினால் கூலியும் இறங்கும் என்று தொழிலாளர் பலர் அன்றே சந்தேகப்பட்டனர். 1870-களுக்குப் பின் அமெரிக்கக் கோதுமை வந்து குவிந்தபோது கோதுமை பயிரிட்ட உழவர்கள் நொடித்தனர்.

ஏழைக்கு உணவு மலிவாகக் கிடைக்கவேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. கூலி குறையாதிருந்தால் மலிவின் பயன் தொழிலாளிக்கு. கூலி குறைந்தால் முதலாளிக்கு. விளைவித்தவருக்கு என்ன என்பதே கேள்வி.

சிறு விவசாயி ஆலையில் கூலி வாங்குபவர் அல்லர். ஆயினும் விலை இறங்கும்போது அவரும் மனைவி மக்களும் கூடுதல் நேரம் பாடுபட்டே ஈடுகட்டுகின்றனர். தம் வேலை நாளைத் தாமே நீட்டிக்கொள்கின்றனர். அந்த உழைப்பு பெரும்பாலும் அவர்கள் கணக்கில் ஏறுவதில்லை.

ஆகவே விதை, உரம், ஏர்க்கூலி ஆகியவற்றோடு குடும்பத்தார் உழைத்த மணி நேரத்தையும் நாள்தோறும் குறித்து வைப்பது நல்லது. கணக்கில் வராத உழைப்புக்கு யாரும் விலை தரமாட்டார்கள்.