இரண்டு குப்பிகள்



"மகளுக்குப் பதினோரு வயசு. காறை எலும்புல வீக்கம். ரெண்டு மாசமா ஆன்டிபயாடிக் கொடுக்கிறோம், வத்தவே இல்லை. சதை எடுத்து டெஸ்ட் பண்ணியாச்சு. கேன்சர் இல்லைன்னாங்க. என்ன நோய்னு மட்டும் யாரும் சொல்லலை." ஒரு தாய் எழுதியிருக்கும் கடிதம் இது. கூடவே பயாப்சி அறிக்கையின் நகலும் வந்திருந்தது. எனக்குத் தெரிந்த எலும்பு மருத்துவர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். முடிவைப் பார்ப்பதற்கு முன், மேலே பொடி எழுத்தில் இருந்த வரியில் விரலை வைத்தார். திசு ஃபார்மலினில் வந்து சேர்ந்தது என்றிருந்தது. "கல்ச்சருக்குத் தனியா அனுப்பினாங்களா?" என்று கேட்டார். திசுவில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. அனுப்பியதற்கான தாள் எதுவும் இல்லை.

இந்த மாதம் வேறு விஷயம் எழுதுவதாக இருந்தேன். இது முந்திக்கொண்டது.

காறை எலும்பில் தொற்று வருவது அபூர்வம். அதனாலேயே சட்டென்று யார் நினைவுக்கும் வராது. பள்ளிப் பையின் பாரம், சுளுக்கு, நெறி கட்டியிருக்கிறது என்று நாட்கள் ஓடிவிடும். குழந்தைகளுக்கு ரத்தத்தின் வழியே கிருமி வந்து தங்குகிறது. பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். பெரியவர்களில், முறிவுக்கு பிளேட் வைத்தவர்கள், டயாலிசிஸுக்காக அந்த எலும்பை ஒட்டிய சிரையில் குழாய் போட்டவர்கள், கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள், சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நம் நாட்டில் காசநோயையும் மறக்கவே கூடாது. இருமல் இல்லாமல், பெரிய காய்ச்சல் இல்லாமல், எலும்பில் மட்டும் டி.பி. வரலாம்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் நிம்மதியாகிவிடாதீர்கள். எலும்பின் தாதுச்சத்து 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகே படத்தில் தெரியும். முதல் 10-14 நாட்கள் படம் சுத்தமாகவே இருக்கக்கூடும். எம்.ஆர்.ஐ. அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எவிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றும் படத்தில் தொற்றைப் போலவே தெரியும். ரத்தப் பரிசோதனையில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. உயர்ந்திருப்பது அழற்சி இருக்கிறது என்று சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அதனால்தான் எலும்பிலிருந்தே திசு எடுக்க வேண்டியிருக்கிறது. காறை எலும்புக்குப் பின்னால் கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்கள், நரம்புக் கற்றை, நுரையீரலின் உச்சி எல்லாம் இருக்கின்றன. அனுபவமுள்ளவர் கையால் நடக்க வேண்டிய வேலை இது.

எடுத்த திசு இரண்டு குப்பிகளில் போக வேண்டும். ஃபார்மலின் ஊற்றிய குப்பி நோயியல் நிபுணருக்கு. அவர்தான் புற்றா, காசநோயின் அடையாளமா என்று பார்ப்பார். இன்னொன்று ஃபார்மலின் படாமல், கிருமி நீக்கிய உப்புநீர்க் குப்பியில், கல்ச்சருக்கும் டி.பி. மரபணுச் சோதனைக்கும். ஃபார்மலின் பட்ட கிருமி செத்துவிடும்; அதற்குப் பிறகு கல்ச்சரில் எதுவும் வளராது. தோள்பட்டைப் பகுதியில் தொற்றும் சில கிருமிகள் மெதுவாக வளர்பவை. அவற்றுக்குக் கல்ச்சரை 14 நாட்கள் வரை வைத்திருந்து பார்க்கிறார்கள். குழந்தை கடும் காய்ச்சலில் துவண்டு கிடந்தால் தவிர, திசு எடுக்கும் வரை ஆன்டிபயாடிக் தொடங்காமல் இருப்பதும் அவசியம். தியேட்டருக்கு வெளியே காத்திருக்கும் அப்பா அம்மா "கல்ச்சருக்கும் அனுப்புறீங்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேட்கலாம். எந்த நல்ல மருத்துவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

முறையாக அனுப்பியும் கிருமியே வளராமல் போவதுண்டு. குழந்தைகளுக்குக் கிருமியில்லாமலே எலும்பில் நாட்பட்ட அழற்சி வரும்; காறை எலும்பு அது விரும்பி வரும் இடம். வீக்கம் வந்து போகும், வேறு எலும்புகளிலும் தலைகாட்டும். ஆன்டிபயாடிக் எத்தனை மாதம் கொடுத்தாலும் பயனில்லை. அழற்சியைத் தணிக்கும் மருந்துகள்தான் கேட்கும். குழந்தைகள் மூட்டுவாத நிபுணரிடம் போக வேண்டிய நோய் இது. பெரியவர்களுக்கு இதே எலும்பில் வீக்கமும், உள்ளங்கை, உள்ளங்காலில் சீழ்க்கொப்புளங்களும் சேர்ந்து வந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கிருமி இன்னது என்று தெரிந்துவிட்டால் பாதை தெளிவு. பெரியவர்களுக்குப் பொதுவாக 6 வாரம் ஆன்டிபயாடிக். முழுக்க ஊசியாகவே போட வேண்டியதில்லை. 1,054 பேரை வைத்து பிரிட்டனில் நடந்து 2019-இல் வெளியான ஓவிவா ஆய்வில், சரியாகத் தேர்ந்த மாத்திரையும் ஊசிக்குச் சளைக்கவில்லை. சீழ் கோத்திருந்தாலோ செத்த எலும்புத் துண்டு தங்கியிருந்தாலோ சுத்தம் செய்யும் அறுவை வேண்டும். எலும்பில் ஒரு பகுதியை எடுக்க நேர்ந்தாலும் கை முடங்கிவிடுமோ என்று பயப்படாதீர்கள். பிறவியிலேயே காறை எலும்பு இல்லாதவர்கள்கூடக் கையைத் தாராளமாக வீசி வேலை செய்கிறார்கள்.

காசநோய் என்றால் வீட்டிலிருந்தே குணமாகலாம். நுரையீரல் காசநோயை வீட்டிலேயே வைத்து மருந்தால் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது நம் சென்னை ஆய்வு மையம்தான். 1959-இல் அந்த முடிவுகள் வெளியாயின. அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். நுரையீரலுக்கு வழக்கமாக 6 மாதம், எலும்புக்குக் குறைந்தது 12 மாதம். "ஆறு மாசம் ஆச்சு, கோர்ஸ் முடிஞ்சுது" என்று யாராவது சொன்னால், உங்களுக்கு வந்தது எலும்பில் என்பதைச் சொல்லி, சிகிச்சை அட்டையைக் காட்டி, எழுதித் தந்த மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்