"ஒண்ணுமில்லே, ஊருக்குப் போங்க!"

பெரும்பாறைப் பக்கம் மிளகுக்கொடி படர்ந்த மரங்களில் ஏணி சாய்த்துத்தான் மிளகு பறிக்கிறார்கள். கால் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், மலையிறங்கித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். அங்கே கேஷுவாலிட்டியில் தையல் போட்டு, எக்ஸ்-ரே பார்த்து, "எலும்பு முறியலே, நல்லாப் பேசறார், கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டால்? ஆபத்தே அங்கேதான்!

எக்ஸ்-ரே மண்டையோட்டைத்தான் காட்டும். உள்ளே கசியும் ரத்தத்தைக் காட்ட சி.டி. ஸ்கேன் வேண்டும். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தக்குழாய் கிழிந்தவர், சில மணி நேரம் தெளிவாகவே பேசிக்கொண்டிருக்கக்கூடும். ரத்தம் தேங்கி மூளையை அழுத்தும்போதுதான் சரிவார். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச் 16 அன்று கனடாவின் பனிமலையில் சறுக்கப் பழகும்போது விழுந்தார். முதலில் சிகிச்சை வேண்டாமென்றார். சில மணி நேரத்தில் தலைவலி. இரண்டே நாளில் மரணம். காரணம், இதே ரத்தக்கசிவு.

கூட்டம் நெரியும் கேஷுவாலிட்டியில் ட்யூட்டி டாக்டரின் சிரமம் நமக்குப் புரிகிறது. அடிபட்ட எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு முறை வாந்தி எடுத்தவர், நடந்தது நினைவில்லாதவர், 65 வயதானவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோரை ஸ்கேன் இல்லாமல் அனுப்பலாமா? வாயில் சாராய நெடி அடித்தால், "போதை தெளிஞ்சா சரியாயிடும்" என்று ஒதுக்கலாமா? போதை, ரத்தக்கசிவு இரண்டிலும் பேச்சு குழறும், தூக்கம் அமுக்கும்.

"தலைவலி, வாந்தின்னா உடனே வாங்க" என்ற அறிவுரை மதுரைக்காரருக்குச் சரி. பெரும்பாறைக்காரர் நள்ளிரவில் மயங்கினால், கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வருவதற்குள் காலம் கடந்துவிடுமே! ஆகவே மலையிலிருந்து வருபவரை ஒரு ராத்திரியாவது அப்ஸர்வேஷனில் வைப்பதுதான் நியாயம். கவனிக்க வேண்டிய அறிகுறிகளைத் தமிழில் எழுதியும் கொடுக்க வேண்டும்.

தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் முதல் 48 மணி நேரத்தை உயிர் காக்கும் நேரமாக எண்ணுகிறது. மரத்திலிருந்து விழுந்த தலைக்கு மட்டும் அந்தக் கணக்கு இல்லையா?

நீங்களும் தயங்காமல் கேளுங்கள்: "டாக்டர், எங்க ஊர் மலை மேலே. ராத்திரி இங்கேயே இருக்கட்டுமா?" கேட்பதில் தப்பே இல்லை. ஒரு ராத்திரி காத்திருந்தால் ஓர் உயிர் பிழைக்கலாம்.