புகைக்குள் தியானம் இல்லை

சிவமூலிகை அடித்தால் மனம் அடங்கும், தன்னை அறியலாம் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களின் பிரம்மாஸ்திரம் ஆனந்தமைடு. 1992-இல் ஜெருசலேமில் ரஃபேல் மெகூலம் குழு மூளையில் கண்டறிந்த பொருள். பெயரே ஆனந்தத்திலிருந்து வந்தது. "பாத்தியா, சயின்ஸே சொல்லுது!"

என்ன சொல்லுது? ஆனந்தமைடை உடம்பு தேவையான இடத்தில் தயாரித்து, வேலை முடிந்ததும் சிதைத்துவிடுகிறது. கஞ்சாவின் டிஎச்சி அதே ஏற்பிகளில் போய் நெடுநேரம் உட்கார்ந்துகொள்கிறது. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸில் அந்த ஏற்பிகள் ஏராளம். அதனால்தான் போதையில் ஆரம்பித்த பேச்சு பாதியில் தொலைகிறது.

ரமணரின் 'நான் யார்?' விசாரணையில், எழும் ஒவ்வொரு எண்ணமும் யாருக்கு எழுகிறது என்று விடாமல் பார்க்க வேண்டும். கேள்வியே கையில் நிற்காதவன் எதைப் பார்ப்பான்? லாக் எழுதாத சர்வரும் அமைதியாகத்தான் இருக்கும்; அதற்காகப் பிழையே இல்லை என்று அர்த்தமா?

யாரையும் ஜெயிலில் போடச் சொல்லவில்லை. சிறு அளவு கஞ்சாவுக்கே ஓராண்டுவரை சிறை வைக்க இடம்தரும் போதைப்பொருள் சட்டத்தை நானும் எதிர்க்கிறேன். பிடிச்சிருக்கு, அடிக்கிறேன் என்று சொல்லுங்கள், அது நேர்மை. தூக்கமில்லாமல் தவிக்கிற இருபது வயதுப் பையனிடம் மட்டும் அதை ஞானமார்க்கம் என்று விற்காதீர்கள்.