பேரம் பேச இங்கிலீஷ் மந்திரமா?

விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் வியாபாரப் படிப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் பேரம் பேசக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்றால், "நம் பிள்ளைகளுக்கா பேரம் கற்றுத் தருவது?" என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரிப்பில் பாதி நியாயம்தான். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை முடித்த ஜனங்கள் நாம். மகமைப் பணத்தைக் கொண்டு 19ஆம் நூற்றாண்டிலேயே விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலையை ஏற்படுத்தியவர்கள் வியாபாரிகளே. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922 வாக்கில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் ஆரம்பித்தார்கள். சாமர்த்தியத்திற்குக் குறைவில்லை.

ஆனால் மற்றப் பாதியைப் பாருங்கள். கடையில் தகப்பனாரோடு உட்கார்ந்து அரை ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிற பையன், டில்லிக்காரர் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசியதும் "எஸ் சார், எஸ் சார்" என்று முதுகை வளைப்பானேன்? சரக்கு மட்டமா? கணக்குத் தெரியாதா? இல்லவேயில்லை. அந்தப் பாஷை பேசுகிறவன் மேலானவன் என்ற மூடநம்பிக்கைதான்! சமஸ்கிருதத்தில் சொன்னால்தான் சாமிக்குக் கேட்கும் என்றிருந்தவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

இங்கிலீஷ் ஒரு தராசு. பிடிக்கத் தெரிந்தால் போதும். அதற்குச் சூடம் காட்ட வேண்டியதில்லை. "நீர் ஐந்நூறு பெட்டி எடுத்தால் நான் நூற்றுக்கு இரண்டு குறைப்பேன்" என்ற "ஆல்" வாக்கியத்தைக் கூசாமல் சொல்லப் பழக்குங்கள். விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கப் பழக்குங்கள். இது இங்கிலீஷைவிடக் கஷ்டம். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதிருக்கப் பழக்குங்கள். சரவெடியையும் பேரியம் உப்பையும் தடுத்து, பசுமைப் பட்டாசு மட்டுமே கூடுமென்று 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு இட்ட உத்தரவு இங்கிலீஷில்தானே வந்தது? பிறர் படித்துச் சொல்லக் கேட்டிருப்பவன் பிறர் சொன்ன விலைக்கே விற்பான்.

நிற்க, இன்னொன்று. விலையை அடித்துக் கேட்கிறவனுக்கு இணங்கிவிட்டால் அந்தக் குறைவு எங்கிருந்து வரும்? முதலாளி லாபத்திலிருந்தா? பெரும்பாலும் மருந்து அடைக்கிற பெண்ணின் கூலியிலிருந்து. இல்லையேல் ஒரு அறையில் கூடுதலாக உட்காரவைக்கும் ஆளிலிருந்து. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் மாண்டார்களே! அது பேரத்தால் நேர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. பேரத்திற்கு விடக்கூடாத சாமான் எது என்று பிள்ளைக்குத் தெரியவேண்டும் என்கிறோம். எந்தக் காலேஜ் பரீட்சையிலாவது, "தீபாவளி கழிந்துதான் பணம், விலையிலும் பத்துக் குறை" என்று கேட்கும் இங்கிலீஷ் கடிதத்தைக் கொடுத்து, மரியாதையாக "முடியாது" என்று பதில் எழுதச் சொல்லியிருக்கிறார்களா?