மணியோசை ஓய்ந்த பின்



சூன் மாதம் பிறந்துவிட்டால் கொடுமுடிப் பக்கத்துக் குடும்பங்கள் பல, பெட்டியும் வாளியுமாகக் காவிரியைக் கடந்து நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்துத் திரும்புவதைக் காண்கிறோம். "கொண்டுபோய் உட்டுட்டனுங்க சாமி, இனி ரெண்டு வருசத்துக்குக் கவலையில்லைங்க" என்கிறார் தகப்பனார். மஞ்சள் விற்ற பணம் அது. அவரது நிம்மதியை நாம் எளிதாக எண்ணவில்லை. ஆயினும் அவ்விரண்டாண்டுக்குப் பின் வருவதைப் பற்றி எவரும் வினவக் காணோம்.

1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது, கல்லூரியிலேயே நடைபெற்ற ஓராண்டுப் புகுமுக வகுப்பு மறைந்தது. கல்லூரி வாழ்வுக்கு அது ஒரு திண்ணையாக இருந்தது. 2007-இல் தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வும் நீங்கவே, பொறியியலுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே வாயிலாயிற்று. அந்நாளில் 1200-க்கு எத்தனை என்பதே ஊர்ப்பேச்சு. பள்ளிகள் பல பிளஸ் ஒன் பாடங்களைத் தள்ளிவிட்டு, இரண்டாண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தின. பொறியியலின் முதற் பருவம் வேண்டுவதோ தள்ளிவிட்ட அந்த அடிப்படையையே! மதிப்பெண்ணில் மின்னிய மாணவன் 'அரியர்' சுமப்பதற்குச் சோம்பல் மட்டுமே காரணமன்று. இதைத் தடுக்கவே 2018 மார்ச்சு முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு நடைபெற்றது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அது கைவிடப்பட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்தது நன்றே. பழைய வழக்கம் திரும்புமோ என்பதே நம் ஐயம்.

கண்டிப்பை நாம் பழிக்கவில்லை. நாமும் மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு உறங்கியவர்களே. படிப்பறியாப் பெற்றோரின் பிள்ளைகள் பலர் பட்டதாரிகளானதில் இக்கண்டிப்புக்கும் பங்குண்டு. ஆனால் கல்லூரியில் எழுப்புவாரில்லை. விரிவுரையைக் கேட்டுத் தானே குறிப்பெடுக்க வேண்டும். வினாக்கள் பாடத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிரா. கையில் செல்பேசியும் சிறிது பணமும் உண்டு. ஒரு மணி நேரத்தையேனும் தானே பங்கிட்டறியாத பிள்ளை, ஒரே நாளில் இருபத்துநான்கு மணிக்கும் அதிபதியாகிறான்.

ஆதலால் பள்ளி தேடும் பெற்றோரே, தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் கேளாதீர்கள். பிளஸ் ஒன் பாடம் எந்த மாதம் வரை நடக்கிறது என்று கேளுங்கள். அலுவலகத்தில் கேட்பதைவிட, அங்குப் படித்து இப்போது கல்லூரியிலிருக்கும் அண்டை வீட்டுப் பிள்ளையிடம் கேட்பது மேல். விடுமுறைக்கு வரும் நான்கு நாளில் தோட்டத்துக் கூலிக் கணக்கையும் வங்கிக் காரியத்தையும் பையனிடமே ஒப்படையுங்கள். "அவன் படிக்கட்டுமுங்க" என்று அவனுண்ட தட்டையும் தாயே கழுவிவைப்பது அந்த நான்கு நாளேனும் நிற்கட்டும்.